ஓமஹாவில் எந்தக் கையோடு ஆடலாம்? ஆறு ஜோடிக் கணக்கு

போக்கரில் கைக்கு இரண்டு சீட்டு வரும் ஹோல்டெம் ஆடிப் பழகியவர்களுக்கு, நான்கு சீட்டு வரும் ஓமஹா மேசையில் உட்கார்ந்ததும் ஒரு மயக்கம் வரும். நான்கு சீட்டில் எப்படியும் ஒரு ஏஸ் இருக்கும், அல்லது ஒரே இனத்தில் இரண்டு இருக்கும். சரி, ஆடித்தான் பார்ப்போமே என்று தோன்றும். கையில் இருப்பது அங்கேயிருந்துதான் கரையத் தொடங்குகிறது.

படி 1: விதி

கையிலிருந்து சரியாக 2 சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரியும் சீட்டிலிருந்து சரியாக 3. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மேசையில் நான்கு ஹார்ட் கிடந்து, உங்களிடம் ஹார்ட் ஏஸ் மட்டும் இருந்தால் அது ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) இல்லை. முதல் நாள் நான் அப்படித்தான் பெருமையாகச் சீட்டை விரித்தேன். மேசையே சிரித்தது.

படி 2: ஜோடிகளை எண்ணுங்கள்

நான்கு சீட்டை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 6 ஜோடி வரும். ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது மட்டும் கையில் இருந்தால் ஆடுவேனா?" என்று கேளுங்கள்.

ராஜா, ராஜா, 8, 2, நான்கும் நான்கு இனம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ராஜா சேர்ந்த ஜோடி ஒன்றுதான் தேறும். மற்ற ஐந்தும் சுமை. ராஜா, ராணி, ஜாக், 10 வந்து, இரண்டு ஹார்ட், இரண்டு ஸ்பேட் என அமைந்தால் ஆறுமே வேலை செய்யும்.

10, 9, 8, 2 என்ற கையைப் பாருங்கள். ரம்மி ஆடுபவர்களுக்கு அந்த 2 உடனே உறுத்தும். ஒட்டாத ஒரு சீட்டு கெடுப்பது மூன்று ஜோடியை, அதாவது பாதிக் கையை.

படி 3: இனம்

இரண்டு இனத்தில் இரண்டிரண்டு இருப்பதுதான் சிறப்பு. 100 கைக்கு 13, 14 தடவைதான் அப்படி வரும். ஒரே இனத்தில் மூன்றோ நான்கோ வந்தால் மகிழாதீர்கள். பயன்படுவது இரண்டுதான், மேசையில் விழ வேண்டியவற்றை நீங்களே பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

அந்த இனத்தில் ஏஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறு பேர் மேசையில் மற்ற ஐவரிடமும் சேர்த்து 30 ஜோடி இருக்கும். 7-ஐ வைத்துப் போடும் ஃப்ளஷ் பெரும்பாலும் இன்னொருவரின் பெரிய ஃப்ளஷுக்குப் பணம் கட்டத்தான் உதவும்.

படி 4: தொடர்ச்சி

எனக்கு ஓமஹா பிடித்ததே இதனால்தான். கையில் ஜாக், 10, 7, 6. ஃப்ளாப்பில், அதாவது மேசையில் முதலில் விரியும் மூன்று சீட்டில், 9, 8, 2. ராணி, ஜாக், 10, 7, 6, 5 எது விழுந்தாலும் ஸ்ட்ரெய்ட், அதாவது வரிசையாக ஐந்து சீட்டு. எண்ணிப் பார்த்தால் 20 சீட்டு! ஹோல்டெமில் இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கே 8தான். ஆனால் ஜாக்கோ 10-ஓ விழுந்தால் உங்களை விடப் பெரிய ஸ்ட்ரெய்ட் எதிரே இருக்கலாம். மிச்சம் 14 சீட்டில் கிடைப்பதுதான் உச்ச ஸ்ட்ரெய்ட்.

5, 4, 3, 2 போன்ற குட்டித் தொடர்களை விட்டுவிடுங்கள். அடிமட்ட ஸ்ட்ரெய்ட்தான் அடிக்கடி வரும்.

படி 5: ஏஸ் மோகம்

இரண்டு ஏஸ், இரண்டு ராஜா, இரண்டு இனத்தில் வந்தால் அதுதான் ஆகச் சிறந்த கை. அதுவே இரண்டு இனத்தில் அமைந்த 8, 7, 6, 5-க்கு எதிராகப் பத்துக்கு ஏறக்குறைய ஆறு தடவைதான் வெல்லும். ஏஸ், ஏஸ், 7, 2 வந்து, ஃப்ளாப்பில் ஏஸ் விழாமல் போனால் கையில் இருப்பது வெறும் இரண்டு ஏஸ். கீழே வைக்கத் தெரிய வேண்டும். நான்கு ஏஸ் வந்தால்? படம் எடுத்துக்கொண்டு ஃபோல்ட் செய்யுங்கள், அதாவது கையை விட்டுவிடுங்கள். மூன்றாவது ஏஸ் மேசைக்கு வரவே போவதில்லை.

படி 6: எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?

முதலில் பேச வேண்டிய (ஆடுவதா விடுவதா என்று சொல்ல வேண்டிய) இடத்தில் 5, 6 ஜோடி தேறினால் மட்டும் ஆடுங்கள். பெரும்பாலும் கடைசியாகப் பேசும் இடமான டீலர் பட்டனில் 4 போதும். இது என் சொந்த அளவுகோல், தொடக்கத்துக்குச் சரியாக வரும்.

பழக ஒரு சீட்டுக்கட்டும் புளியங்கொட்டையும் போதும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொரு கைக்கும் தேறும் ஜோடியைத் தாளில் எழுதுங்கள். ஒரு கட்டில் 13 கை வரும். அதில் எத்தனையை ஆடுவேன் என்று குறித்திருக்கிறீர்கள்? ஏழு, எட்டு என்றால் இன்னொரு தடவை கலைத்துப் போடுங்கள்.