'ஐ டவுட்' சொல்லும் முன்...

'மழை வரும்னு சந்தேகமா இருக்கு' என்று நாம் சொன்னால், வரலாம் என்று அர்த்தம். அதையே ஆங்கிலத்தில் 'ஐ டவுட் இட் வில் ரெயின்' என்றால் 'மழை வராது என்றுதான் நினைக்கிறேன்' என்று ஆகிவிடும். நேர் எதிர்! வரும் போலிருக்கிறது என்பதற்கு 'ஐ சஸ்பெக்ட்' போடுங்கள். அலுவலக மெயிலில் 'டவுட்' என்ற இந்த ஒரு சொல் பெரிய குழப்பத்தை உண்டாக்கும், கவனம்.

அப்புறம் கவலை. இரவு பத்து மணியாகியும் பிள்ளை வீடு திரும்பவில்லை, போனும் எடுக்கவில்லை; வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்போமே, அதுதான் 'வரீட் சிக்'. 'வெரி வெரி டென்ஷன்' வேண்டாம்.

தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் தவிப்புக்கு 'ஆன் டென்ட்டர்ஹூக்ஸ்'. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஈரக் கம்பளித் துணி சுருங்காமலிருக்க, மரச்சட்டத்துக் கொக்கிகளில் மாட்டி விறைப்பாக இழுத்துக் காயவைப்பார்கள். அந்தக் கொக்கிதான் டென்ட்டர்ஹூக். மனசும் அப்படி இழுபட்டு நிற்கிறது. எழுதும்போது ஒப்பந்தம் எடுக்கும் 'டெண்டர்' ஆக்கிவிடாதீர்கள். கூடாரத்துக்கு எழுதும் 'டென்ட்' தான் இதன் முதல் நான்கு எழுத்து.