ப்ராஸ்டேட் வீக்கம்: அறுவைக்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டிய சிகிச்சைகளும் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையும்

என் தந்தையார் தமது அறுபத்தெட்டாம் வயதில் இரவுக்கு நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போவதை வீட்டில் எவரும் நோயாக எண்ணவில்லை. சர்க்கரை இருக்கிறது, வயதும் ஆகிறது என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மழைக்காலத்தில் மூக்கடைப்புக்காக மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கிய ஜலதோஷ மாத்திரையை இரண்டு வேளை விழுங்கிய இரவில் அவருக்கு நீர் அடியோடு நின்றுபோனது. அடிவயிறு கல்லாக இறுகி, உட்காரவும் படுக்கவும் முடியாமல் சுவரைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். அவசரப் பிரிவில் குழாய் செருகியபோது ஏறத்தாழ 900 மில்லி சிறுநீர் வடிந்தது. அதன் பிறகு பல மாதங்கள் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் முடிவெடுக்கத் தவிக்கும் ஒருவருக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் பயன்படும் வரிசையில் எழுதுகிறேன்.

ப்ராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையை மோதிரம்போல் சுற்றி அமைந்திருக்கும் சுரப்பி. இளவயதில் சுமார் 20 மில்லி அளவுள்ள இது நாற்பது வயதுக்குப் பிறகு மெல்லப் பெருக்கத் தொடங்குகிறது. இந்தப் பெருக்கம் புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதுமில்லை. ஆனால் இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருக்கக்கூடும் என்பதால் அதைத் தனியாகச் சோதித்து விலக்கியாக வேண்டும். இன்னொன்றையும் முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது: சுரப்பியின் அளவும் தொல்லையின் அளவும் ஒன்றாக நடப்பதில்லை. 35 மில்லி சுரப்பி உள்ளவர் தவிப்பதும், 90 மில்லி உள்ளவர் நிம்மதியாக உறங்குவதும் அன்றாடம் காணக்கூடியவை. ஸ்கேன் அறிக்கையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துச் சிகிச்சைக்கு ஓடுவதும், எண் சிறியது என்று தொல்லையைப் பொறுத்துக்கொள்வதும் ஒரே அளவுக்குத் தவறானவை.

ஆகவே முதல் வேலை அளப்பது. மூன்று நாள் ஒரு நோட்டில், எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்று எழுதி வர வேண்டும். சமையலறையில் வேண்டாமென ஒதுக்கிய, அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை இதற்குப் போதும். என் தந்தையார் கூச்சப்பட்டார்; நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் குறித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தாளைப் பார்த்த சிறுநீரக அறுவை மருத்துவர்தான், இரவில் அவர் கழிக்கும் மொத்த அளவு பகலைவிட அதிகமாக இருப்பதைக் கவனித்து, மாலை ஆறு மணிக்கு மேல் மோரும் காபியும் வேண்டாம் என்றும், கால்வீக்கத்துக்கான நீர்மாத்திரையை இருதய மருத்துவரிடம் கேட்டு வேறு நேரத்துக்கு மாற்றலாமா என்று பார்க்கும்படியும் சொன்னார். சிகிச்சை எதுவும் தொடங்கும் முன்பே இரவு எழுவது ஒரு முறை குறைந்தது.

அடுத்தது, சிறுநீர்த் தொல்லையை அளக்க உலகெங்கும் பயன்படுத்தப்படும் ஏழு கேள்விப் பட்டியல். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. ஏழு வரை இலேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. எட்டாவதாக ஒரு கேள்வி உண்டு: இதே நிலையில் வாழ்நாள் முழுவதும் இருக்க நேர்ந்தால் எப்படி உணர்வீர்கள் என்பது. என் கருத்தில் மற்ற ஏழையும்விட இந்த ஒரு கேள்வியே முடிவைத் தீர்மானிக்க வேண்டியது. அதற்கான விடையை மகனோ மருமகளோ சொல்லக் கூடாது, அவரே சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் செய்யும் சோதனைகளில், சிறுநீர் ஓட்ட வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ முக்கியமானது. குறைந்தது 150 மில்லி கழித்தால்தான் அதன் முடிவை நம்பலாம் என்பதால், நீர் நன்றாக முட்டிய பிறகே போக வேண்டும். உச்ச வேகம் நொடிக்கு 10 மில்லிக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருப்பதற்கான வாய்ப்பு மிகுதி. கழித்த பின் பையில் எவ்வளவு தங்குகிறது, சிறுநீரில் கிருமி உண்டா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு, ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கான சந்தேகத்தைச் சுட்டும் இரத்தச் சோதனையான பி.எஸ்.ஏ. எவ்வளவு என்பனவும் தெரிய வேண்டும். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைடு அல்லது டுடாஸ்டெரைடு மாத்திரையைச் சில மாதங்களாக எடுப்பவருக்குப் பி.எஸ்.ஏ. அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து காட்டும். எனவே அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் அறிக்கையை மட்டும் நீட்டுவது ஆபத்தானது. ஸ்கேன் எடுப்பவரிடம் இரண்டு செய்திகளைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: சுரப்பி எத்தனை மில்லி, சுரப்பியின் நடுப்பகுதியான நடுமடல் சிறுநீர்ப்பையினுள் துருத்திக்கொண்டிருக்கிறதா. பின்னால் சொல்லப்போகும் சிகிச்சைகளில் எது பொருந்தும் என்பது பெரும்பாலும் இந்த இரண்டில் அடங்கியிருக்கிறது.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், டாம்சுலோசின், சிலோடோசின் போன்றவை பாதையின் தசையைத் தளர்த்திச் சில நாட்களிலேயே பலன் தருகின்றன. எழுந்து நிற்கையில் தலைசுற்றலும் விந்து வெளிவராமல் போவதும் அவற்றின் தொல்லைகள். கண்புரை அறுவைக்குப் போகிறவர்கள் இவற்றை எடுப்பதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் அறுவையின்போது கருவிழித்திரை தளர்ந்து தொந்தரவு தரும். சுரப்பியைச் சுருக்கும் மாத்திரைகள் பலன் காட்ட ஆறு மாதமாவது ஆகும். இவற்றால் நிம்மதி கிடைத்தால் அதுவே போதும்; மேலே எதையும் தேட வேண்டியதில்லை. மூக்கடைப்பு, ஒவ்வாமை ஆகியவற்றுக்கான மாத்திரைகளைக் கேட்காமல் வாங்கிப் போடக் கூடாது என்பதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அவற்றிலுள்ள ஃபினைலெஃப்ரின் பாதையை இறுக்கும். குளோர்ஃபெனிரமின் பையின் அழுத்தும் வலுவைக் குறைக்கும்.

மாத்திரை போதவில்லை, அல்லது ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் பெரிய அறுவைக்கு மனமோ உடல்நிலையோ இடந்தரவில்லை என்பவர்களுக்குத்தான் இடைப்பட்ட சிகிச்சைகள். முதலாவது யூரோலிஃப்ட். சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியைச் செலுத்தி, பாதையை நெருக்கும் இருபக்க மடல்களையும் சிறு கவ்விகளால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஜன்னல் திரையை ஓரமாக ஒதுக்கிக் கட்டுவது போன்ற வேலை. எதையும் வெட்டுவதில்லை, சுடுவதில்லை. பல பேருக்குக் குழாயே தேவைப்படுவதில்லை, விந்து வெளியேற்றமும் கெடுவதில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013இல் இதற்கு அனுமதி தந்தது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. கிடைக்கும் பலன் அறுவையளவுக்கு இராது; இதன் முதன்மை ஆய்வில் ஐந்தாண்டுகளுக்குள் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு பேருக்கு மறுசிகிச்சை தேவைப்பட்டது.

இரண்டாவது நீராவிச் சிகிச்சையான ரெசூம். இதைத்தான் தந்தையார் தேர்ந்தெடுத்தார். பாதை வழியே செல்லும் கருவியின் நுனியிலிருந்து ஒரு நுண்ணிய ஊசி சுரப்பியினுள் இறங்கி, 103 டிகிரி செல்சியஸ் நீராவியை ஒன்பது நொடி செலுத்துகிறது. ஆவி திசுக்களுக்கிடையே நீராகக் குளிரும்போது வெளிவிடும் வெப்பத்தில் மிகுந்து வளர்ந்த செல்கள் மடிகின்றன. உடல் அவற்றைச் சில வாரங்களில் கரைத்துவிடுகிறது. 30 முதல் 80 மில்லி வரையிலான சுரப்பிக்கும், நடுமடல் துருத்தியவர்களுக்கும் இது பொருந்தும். அவருக்கு 54 மில்லி, நடுமடலும் இருந்தது. மேசையில் கிடந்த நேரம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டவில்லை. ஐந்தாண்டு ஆய்வில் மீண்டும் அறுவை தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு.

ஆனால் இந்தச் சிகிச்சையின் கடினமான பகுதி வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. இதை எவரும் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை. சுரப்பி முதலில் வீங்கும். அதனால் சில நாள் குழாயோடு இருக்க வேண்டும். தந்தையாருக்கு ஐந்து நாள். குழாயை எடுத்த பிறகு எரிச்சலும் அவசரமும் முன்னைவிடக் கூடின. சிறுநீரில் இளஞ்சிவப்பு நிறமும் துணுக்குகளும் வந்தன. மூன்றாம் வாரத்தில், பணத்தையும் கொடுத்து வலியையும் வாங்கிக்கொண்டோம் என்று அவர் மனமுடைந்து போனார். ஐந்தாம் வாரத்தில் ஓட்டம் சீரடைந்தது. பத்தாம் வாரத்தில் இரவுக்கு ஒரு முறை மட்டுமே எழுந்தார். முழுப் பலனுக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் அந்த நடு வாரங்களின் துயரம் பாதியாகக் குறைந்திருக்கும்.

மூன்றாவது ஐடின்ட். விரியும் கம்பிக் கூடு ஒன்றைப் பாதையில் வைத்து, ஐந்து முதல் ஏழு நாளில் எடுத்துவிடுகிறார்கள்; அது அழுத்திய இடங்களில் பாதை அகன்றிருக்கும். உள்ளே எதுவும் தங்குவதில்லை என்பது இதன் சிறப்பு. நடுமடல் பெருத்தவர்களுக்கும் பெரிய சுரப்பிக்கும் பொருந்தாது என்பது இதன் எல்லை.

நான்காவது ப்ராஸ்டேட் தமனி எம்போலைசேஷன். மேற்சொன்ன மூன்றும் சிறுநீர்ப் பாதை வழியே செய்யப்படுபவை. இதுவோ பாதையைத் தொடுவதே இல்லை. இதைச் செய்பவரும் சிறுநீரக அறுவை மருத்துவர் அல்லர், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி இரத்தக்குழாய் வழியே சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி நிபுணர். மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சுரப்பிக்கு இரத்தம் தரும் நுண் தமனிகளில் மணல் துகளினும் சிறிய மணிகளை விட்டு அடைக்கிறார்கள். ஊட்டம் குறைந்த சுரப்பி வரும் மாதங்களில் சுருங்கித் தளர்கிறது. பிரேசிலின் சாவோ பாலோவில் 2008இல் இந்த நோய்க்காக இதைச் செய்யத் தொடங்கினார்கள். பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2018இல் இதை ஏற்றுக்கொண்டது. எண்பது, நூறு மில்லிக்கு மேற்பட்ட சுரப்பி உடையவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை நிறுத்த முடியாதவர்களுக்கும், முழு மயக்கம் தாங்காதவர்களுக்கும் இது பெரிய ஆறுதல். இடுப்புத் தமனிகளில் சுண்ணாம்பு படிந்து கடினமானவர்களுக்குக் குழாயை உள்ளே கொண்டுசேர்ப்பதே கடினம்; தமனிகள் படத்தில் தெரிவதற்காகச் செலுத்தும் சாயம் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குத் தீங்கு செய்யலாம். நுண் தமனிகளின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுவதால், செய்பவரின் அனுபவத்தைப் பொறுத்தே பலன் அமைகிறது. இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

சிலருக்கு இவை எவையும் சரியான வழியல்ல. அடைப்பினால் சிறுநீரகம் கெடத் தொடங்கியவர்கள், பையில் கல் கட்டியவர்கள், திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று வருபவர்கள், குழாயை எடுக்கும்போதெல்லாம் நீர் நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் உள்நோக்கி வழியே சுரண்டி எடுக்கும் டி.யூ.ஆர்.பி. அல்லது லேசர் அறுவையைத்தான் செய்துகொள்ள வேண்டும். ஓட்டத்தைத் திறந்துவிடுவதில் அவற்றுக்கு நிகரில்லை. டி.யூ.ஆர்.பி.க்குப் பின் பத்தில் ஆறேழு பேருக்கு விந்து வெளிவராமல் பைக்குள் திரும்பிவிடும் என்பதை மட்டும் கணவன் மனைவி இருவரும் முன்னதாக அறிந்துகொள்வது நல்லது.

சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு, சிறுநீரில் கிருமி இல்லை என்ற கல்ச்சர் அறிக்கை கையில் இருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. இருதய ஸ்டென்ட் வைத்தவர்கள் அந்த மருத்துவரின் எழுத்துப்பூர்வமான கருத்தைப் பெற வேண்டும். காப்பீடு வைத்திருப்பவர்கள் சிகிச்சையின் பெயரைச் சொல்லி முன் அனுமதி கேட்பது அவசியம். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட நவீன சிகிச்சைப் பட்டியலில் ப்ராஸ்டேட்டுக்கான லேசர் முறை இருக்கிறது. நீராவியோ எம்போலைசேஷனோ அதில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. வீட்டுக்கு வந்தபின் குளிர்காய்ச்சல், கட்டிகட்டியாக இரத்தம், நீர் முற்றிலும் நிற்பது ஆகிய மூன்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும் அந்த வாரங்களில் பெரிய உதவி.

மூன்றாம் மாதம் அதே ஏழு கேள்விகளுக்கும் மீண்டும் விடை எழுதிப் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். தந்தையாரின் எண் 23இலிருந்து 9க்கு இறங்கியிருந்தது. ஆறாம் மாதத்துக்குப் பிறகு பி.எஸ்.ஏ. சோதனையைத் திரும்பச் செய்து, அந்தப் புதிய அளவைத் தேதியோடு மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். சுரப்பி சிறுத்த பிறகு இயல்பான அளவே கீழிறங்கியிருக்கும் என்பதால், பின்னாளில் அது ஏறுகிறதா என்று பார்க்கும் எந்த மருத்துவருக்கும் அந்த எண்தான் தொடக்கப் புள்ளி.