வழி தவறி வந்த நாயை என்ன செய்வது: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரின் யோசனைகள்

மேற்கு மாம்பலத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். ‘நாயைக் காணவில்லை’ நோட்டீஸும் ‘நாய் கிடைத்துள்ளது’ நோட்டீஸும் என் கடையில்தான் அச்சாகும். காலையில் ஒருவர் முதல் வகையை எடுத்துப்போக, மாலையில் வேறொருவர் அதே நாயின் படத்தோடு இரண்டாவது வகைக்கு வந்ததும் உண்டு. மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு மனு எழுதித் தரச் சொல்லியும் வருவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். இது சென்னைக்குப் பொருந்தும். மற்ற ஊர்களில் போன் நம்பர் மாறும், சட்டம் மாறாது.

முதலில் காதைப் பாருங்கள். காது ஓரத்தில் சின்னதாக வெட்டியிருந்தால் அது கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடப்பட்ட தெருநாய். அதற்கு வீடு தேட வேண்டாம், தெருவே வீடு. பக்கத்து டீக்கடையில் கேட்டால் பெயர்கூடச் சொல்வார்கள். வீட்டு நாய் வேறு மாதிரி இருக்கும். கழுத்தில் பெல்ட் கிடந்த தடம் தெரியும். தரையில் தேயாததால் நகம் நீண்டிருக்கும். எந்த கேட் திறந்தாலும் உள்ளே போகப் பார்க்கும். தெருநாய்கள் கூட்டமாக விரட்ட, கார் அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும். தீபாவளிக்கு மறுநாள் கடை திறந்தால் முதல் வேலையே இந்த மாதிரி நாய்களின் படம்தான். வெடிச் சத்தத்தில் மிரண்டு, எந்தப் பக்கம் ஓடினோம் என்று தெரியாமல் எங்கோ போய் நிற்கும்.

மூன்றாவது வகையும் உண்டு. குட்டி போட்டுப் போட்டுத் தளர்ந்த, மடி தொங்கிய லேப்ரடார், பக் மாதிரி நாய்கள். இவை தொலைந்தவை அல்ல, விடப்பட்டவை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி வளர்த்த பிராணியைக் கைவிடுவது குற்றம்தான். முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். என்னிடம் நாலு கலர் பிரிண்ட் எடுத்தால் அதற்கு மேல் ஆகிவிடும்.

சரி, நாயிடம் எப்படிப் போவது? நேருக்கு நேர் போய்க் குனியாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், கொஞ்சம் தயிர்சாதமோ அவித்த முட்டையோ வைத்துவிட்டு நகருங்கள். அதுவாக வரட்டும். வலியில் இருக்கிற நாய் எவ்வளவு சாதுவானாலும் கடிக்கும். எச்சில் ஒழுக, தாடை தொங்க, தள்ளாடிக்கொண்டு கண்டதையெல்லாம் கடிக்கிற நாயாக இருந்தால் நெருங்கவே வேண்டாம். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு போன் செய்யுங்கள். பல் பட்டுவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல், ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். முதல் ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள், சீட்டில் எழுதித் தரும் எல்லாத் தேதிக்கும் போக வேண்டும்.

பலரும் தடுமாறுவது இந்த 1913 விஷயத்தில்தான். ‘கார்ப்பரேஷனுக்குச் சொல்லிவிட்டேன், வண்டி வந்து கூட்டிக்கொண்டு போய் வைத்திருப்பார்கள்’ என்று நினைக்கிறார்கள். அந்த வண்டி அதற்காக வருவது இல்லை. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி அதன் வேலை தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது. வீட்டு நாயைத் தெருநாய் என்று சொல்லி ஏற்றிவிட்டால் அது திரும்பி வந்து இறங்குவது நீங்கள் காட்டிய தெருமுனையில்தான், அதன் வீட்டு வாசலில் இல்லை. 1990-களின் நடுப்பகுதி வரை இந்த நகரத்தில் பிடித்த நாய்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள். அதை விட்டுக் கருத்தடைக்கு வந்ததே பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் 2024-இல் எடுத்த கணக்கில் சென்னைத் தெருக்களில் சுமார் 1.8 லட்சம் நாய்கள். அந்தக் கூட்டத்தில் வழி தவறிய ஒரு வீட்டு நாயின் சொந்தக்காரரைத் தேடுவதற்கு இந்த ஏற்பாட்டில் இடமே வைக்கவில்லை. குறை ஆட்களிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு சிக்கல். பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கிற நாய்களை அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே பிடிபட்டால் நாய் அந்தப் பக்கமே திரும்பாது. ஆகவே மாம்பலம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு வளர்ப்பு நாய் திருதிருவென்று நிற்பதைப் பார்த்தால், முடிந்தவரை அன்றைக்கே வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.

தெருநாய்க்காகத்தான் புகார் என்றால் விவரமாகச் சொல்லுங்கள். வார்டு எண், தெரு, பக்கத்தில் இருக்கிற கோயில் அல்லது கடை, நாயின் நிறம், எத்தனை மணிக்கு அங்கே படுத்திருக்கும், என்ன காயம். ‘எங்க ஏரியாவுல ஒரே நாய் தொல்லை’ என்று சொல்லி வைத்தால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புகார் முடிந்தது என்று வந்தும் நாய் அப்படியே கிடந்தால், அன்றைய தேதி தெரிகிற படத்தோடு ஒரு பக்க மனு எழுதி மண்டல அலுவலகத்தில் கொடுங்கள். எங்களுக்குக் கோடம்பாக்கம் மண்டலம். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

அடிபட்ட நாய் என்றால் வேப்பேரியில் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கொண்டுபோவதுதான் பாடு. ஆட்டோக்காரர் தயங்குவது சீட்டை நினைத்து. பழைய போர்வை இரண்டை விரித்துக் காட்டி, கூடக் கொஞ்சம் தருகிறேன் என்றால் பெரும்பாலும் வருவார்கள். புழு வைத்த காயத்தில் மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றாதீர்கள். மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரையும் கொடுக்காதீர்கள், நாய்க்கு அது விஷமாகலாம்.

காப்பகங்களை நம்பி இருக்காதீர்கள். ஒரு காப்பகத்தில் கேட்டைத் திறக்காமலே ‘இடம் இல்லை சார்’ என்று என்னை அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் அவர்கள் சொன்னதும் பொய் இல்லை. ராத்திரியில் வாசலில் கட்டிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். தடுப்பூசி போடாத குட்டியை அப்படி விட்டால் பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி தொற்றுநோய் வந்து ஒரே வாரத்தில் போய்விடும். மொட்டைமாடி, கார் ஷெட், எங்கேயாவது சில நாள் நீங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். வீட்டில் வேறு நாய் இருந்தால் தட்டைக்கூடக் கலக்காதீர்கள்.

மறுநாள் ஏதாவது கால்நடை கிளினிக்கில், தோலுக்கு அடியில் வைக்கிற அடையாளச் சில்லு, அதாவது மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கருவியை ஓட்டினால் 15 இலக்க எண் வரும். சென்னையில் இப்போது வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு சிப்பும் கட்டாயம் என்பதால், இனி இந்த வழி பலிக்க வாய்ப்பு அதிகம்.

சிப் இல்லையென்றால் நோட்டீஸ். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். படம் பக்கத்தில் பாதி இருக்கட்டும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் செவலை நாயும் கறுப்பு நாயும் ஒன்றுபோல விழும், கலரில் எடுங்கள். கிடைத்த பகுதி, தேதி, போன் நம்பர் போதும். ஆணா பெண்ணா, வயிற்றில் மச்சம் இருக்கிறதா, பெல்ட் என்ன நிறம் என்பதை எழுதவே கூடாது. கேட்டு வருகிறவர்தான் அதைச் சொல்ல வேண்டும். ஒட்ட வேண்டிய இடம் ஈபி பெட்டி இல்லை. இஸ்திரி வண்டி, பால் பூத், மெடிக்கல் ஷாப், அபார்ட்மென்ட் வாட்ச்மேன் நாற்காலிக்குப் பின்சுவர். யார் வீட்டில் என்ன நாய் என்பது இஸ்திரிக்காரருக்குத் தெரிகிற அளவுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. வாட்ஸாப்பில் போடும்போது படத்தின் மேலேயே தேதியை எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நாய் வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் படம் வருஷக்கணக்கில் சுற்றும்.

சொந்தக்காரர் என்று யாராவது வந்தால் பழைய படம், ஊசி போட்ட புத்தகம், இரண்டில் ஒன்றாவது கேளுங்கள். நாய் வாலாட்டியது என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் தெரு நாய்கள் கொரியர்காரருக்கும் வாலாட்டும். யாரும் வராமல் புதிய வீடு பார்க்கிற நிலை வந்தால், கருத்தடை முடித்த பிறகே கொடுங்கள், முக்கியமாகப் பெண் நாயை. ‘ஆபரேஷன் ஆயிடுச்சா?’ என்று போனில் கேட்டு, ஆமாம் என்றதும் ‘அப்புறம் பேசுறேன்’ என்று வைத்துவிடுகிறவர் எதற்காகக் கேட்டார் என்று உங்களுக்கே புரியும்.