ஆபீஸ் ஸ்பைக் பஸ்டரை எப்போது மாற்ற வேண்டும்? புதியவர்களுக்கான செய்முறை

"கரண்ட் வருது, கம்ப்யூட்டர் ஓடுது, அப்புறம் எதுக்குங்க மாத்தணும்?" சேலம் செவ்வாய்பேட்டைக் கடைகளிலும் ஐந்து ரோடு பக்கத்து ஆபீஸ்களிலும் ஸ்பைக் பஸ்டர் (திடீர் வோல்டேஜ் அடியிலிருந்து கம்ப்யூட்டரைக் காக்கும் பல பிளக் பெட்டி) பேச்சை எடுத்தாலே இந்தக் கேள்விதான் வரும். கரண்ட் வருவது வேறு, பாதுகாப்பு இருப்பது வேறு. உள்ளே பாதுகாப்புப் பகுதி செத்துப்போன பிறகும், பல பெட்டிகள் வருஷக்கணக்கில் கரண்டை மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஓடுகிறதா என்று பார்த்து முடிவு செய்ய முடியாது. கீழே சொல்கிற வரிசையில் பாருங்கள். இதில் எதற்கும் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை, திறக்கவும் கூடாது.

படி 1: கையில் இருப்பது எது?

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திருப்பி அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். ஆம்பியரும் வோல்ட்டும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சர்ஜ் (திடீர் வோல்டேஜ் எகிறல்), ஜூல் (எவ்வளவு அடியை உறிஞ்சும் என்ற அளவு) என்று ஏதாவது போட்டிருந்தால் உள்ளே எம்.ஓ.வி. (மெட்டல் ஆக்சைடு வேரிஸ்டர்) இருக்கிறது. சட்டைப் பித்தான் மாதிரி ஒரு சின்ன வில்லை அது, முக்கியமாக துத்தநாக ஆக்சைடால் ஆனது. 230 வோல்ட்டில் சும்மா இருக்கும். வோல்டேஜ் திடீரென்று எகிறினால், அந்த உபரியைத் தன் வழியாக நியூட்ரலுக்கோ எர்த்துக்கோ திருப்பிவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும், தேய்ந்தது திரும்ப வராது.

இடி மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். அம்மாபேட்டையில் அதே லைனில் தறி மோட்டார்கள் ஓடி நிற்பது, போன கரண்ட் திரும்ப வரும்போது அடிக்கும் அடி என்று சின்னச் சின்னதாகத் தேய்ந்துகொண்டே இருக்கும். ஏற்காட்டில் சித்திரை, வைகாசி கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வரும்போது கேட்கவே வேண்டாம்.

படி 2: விளக்கைப் பாருங்கள்

சுவிட்சில் எரியும் சிவப்பு விளக்கு, கரண்ட் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். நல்ல பெட்டிகளில் பாதுகாப்புக்கு என்று தனியாக ஒரு விளக்கு இருக்கும், பக்கத்தில் 'புரொடெக்டட்' என்று அச்சடித்திருப்பார்கள். அது அணைந்திருந்தால் பெட்டியை அன்றைக்கே மாற்றுங்கள். எரிந்தால் பாதுகாப்பு இன்னும் தீரவில்லை என்று அர்த்தம். எவ்வளவு மிச்சம் என்பதை எந்த விளக்கும் சொல்லாது. தனி விளக்கே இல்லாத மலிவு மாடல்களை நான் ஆபீஸுக்கு வாங்கச் சொல்வதில்லை.

படி 3: தேதி

வாங்கிய மாதமும் வருஷமும் மார்க்கரால் அடியில் எழுதுங்கள். 3 முதல் 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். ஏற்காட்டில் இருக்கும் ஆபீஸ், விடுதி என்றால் நான் 3 என்றுதான் வைப்பேன். தேதியே தெரியாத பெட்டியைப் பழசு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதி பார்க்காமல் மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. பக்கத்தில் இடி விழுந்து மோடமோ பிரிண்டரோ போயிருந்தால் அது ஒன்று. இன்னொன்று நியூட்ரல் கட். மூன்று பேஸ் வரும் கட்டடத்தில், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் விட்டுப்போனால், சில பிளக் பாயிண்ட்டில் 230-க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கி வரும். நம் ஊரில் கிடைக்கும் பெட்டிகளில் இருக்கும் எம்.ஓ.வி. வழக்கமாக 275 வோல்ட் தாங்கும் ரகம். கண் இமைப்பதற்குள் முடிகிற அடியைத்தான் அது சமாளிக்கும், நிமிஷக்கணக்கில் நிற்கும் 400 வோல்ட்டை அல்ல. வெந்துவிடும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்த லைனில் இருந்த ஸ்பைக் பஸ்டர் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள், விளக்கு எரிந்தாலும் சரி. நியூட்ரல் கட்டிலிருந்து காப்பாற்ற ஸ்பைக் பஸ்டரால் ஆகாது. மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் வந்தால் கட் ஆகும் சாதனம் வேண்டும். அது எலெக்ட்ரீஷியன் வேலை.

படி 4: கண், மூக்கு, கை

பிளக் பின்னில் கருப்பு, துளையைச் சுற்றிப் பழுப்பு, பிளாஸ்டிக் உருகிய நெளிவு, கருகல் வாசனை, 'கர்ர்' என்ற சத்தம் என்று எதைக் கண்டாலும் மாற்றுங்கள். பிளக் தன் கனத்திலேயே சாய்ந்து தொங்கினால் உள்ளே பித்தளைத் தகடு பிடி விட்டுவிட்டது. எல்லா நாட்டு பிளக்கும் நுழையும் அகலத் துளைகளில் இது சீக்கிரம் நடக்கும். லூஸ் கனெக்‌ஷன்தான் சூடாகும், சூடுதான் தீயாகும்.

ஒரு மணி நேரம் வழக்கமான வேலை ஓடியபின் பெட்டியின் மேல் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் அது சரியில்லை. வயரை முழு நீளமும் பாருங்கள், நாற்காலிச் சக்கரம் ஏறும் இடத்தைக் குறிப்பாக. இன்சுலேஷன் டேப் சுற்றிய வயர் ஆபீஸில் இருக்கவே கூடாது.

தறிக்கூடத்தை ஒட்டிய ஆபீஸ்களில் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால், பயன்படுத்தாத துளைகளில் பஞ்சுத் தூசி திரித்திரியாக அடைந்திருக்கும். சின்னப் பொறிக்கு அது போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் எடுங்கள். உள்ளே போய் அடைந்திருந்தால் மாற்றுங்கள். ஏற்காட்டில் பிரச்சினை பனி ஈரம், பித்தளை பச்சை பூத்துவிடும். எங்கே இருந்தாலும் பெட்டியைத் தரையில் போடாமல் மேசைக்காலில் திருகி வைத்தால் துடைக்கிற தண்ணீரும் போகாது.

படி 5: லோடு

6 ஆம்பியர் பெட்டி என்றால் 6 × 230 = 1380 வாட். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சாதாரணமாக இருநூறு வாட்டுக்குள் அடங்கும். 1500 வாட் கெட்டில் ஒன்றே எல்லையைத் தாண்டிவிடும். மார்கழியில் ஏற்காட்டு ரிசப்ஷன்களில் வைக்கும் 2000 வாட் ரூம் ஹீட்டரை 16 ஆம்பியர் சுவர் பாயிண்ட்டில் நேராகச் சொருகுங்கள். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டி என்று தொடராகப் போடுவது அறவே வேண்டாம்.

லோடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் டிரிப் பட்டன் அடிக்கடி வெளியே வந்தால் முதலில் லோடைக் குறையுங்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கே டிரிப் ஆனால் பெட்டிக்கோ அந்தக் கம்ப்யூட்டருக்கோ கோளாறு. வேறு பெட்டியில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 6: புதுசு வாங்குமுன் எர்த்

எர்த் இல்லாத பாயிண்ட்டில் எவ்வளவு விலைக்கு வாங்கி மாட்டினாலும் பாதிப் பாதுகாப்புதான். மூன்று பின் சாக்கெட் டெஸ்டரைச் சொருகினால் எர்த் கனெக்‌ஷன் இருக்கிறதா என்று விளக்கே காட்டும். அந்த எர்த் எவ்வளவு நல்லது என்பதை எலெக்ட்ரீஷியன்தான் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. மண் மெல்லிசாக இருக்கும் இடத்தில் எர்த் குழி வெயில் காலத்தில் வறண்டு போகும். கோடை மழைக்கு முன்னால் அளக்கச் சொல்லுங்கள். மூன்றாவது பின்னை உடைத்துச் சொருகும் வழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஜூல் எண் (இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டால் அதிகம் உள்ளதை எடுங்கள்), பாதுகாப்பு விளக்கு மூன்றையும் பாருங்கள். நேரடி இடிக்கு எந்தப் பெட்டியும் தாங்காது. வானம் கருக்கும்போதே பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் கை வைக்காதீர்கள்.

படி 7: பழசை என்ன செய்வது?

"லைட்டு போட ஆகும்" என்று யாராவது எடுத்து வைத்துக்கொள்வார்கள். அடுத்த வாரமே டீ போடும் இடத்தில் கெட்டிலோடு நிற்கும். அதனால் சுவரிலிருந்து பிடுங்கியபின் பிளக்கை ஒட்டி வயரை வெட்டிவிட்டு, மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் பெட்டியைக் கொடுங்கள்.