புல்தரை மஞ்சளானால் யூரியாவில் தொடங்காதீர்கள்

புல் வெளுத்ததும் யூரியாவைத் தூவுவதுதான் வீட்டுத் தோட்டங்களில் நடக்கும் முதல் தவறு. மஞ்சள் எந்த இலையில் இருக்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளாகி, குருத்து பச்சையாக இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. யூரியா அதற்குத்தான். குருத்து வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த போர்வெல் தண்ணீர் பாயும் இடங்களில் கொரியன் புல்லுக்கு இது எளிதில் வரும். மண்ணில் இரும்பு இருக்கும்; காரத்தன்மையால் வேருக்குக் கிடைக்காது. அந்த நிலையில் யூரியா போட்டால் புல் வேகமாக வளர்ந்து இன்னும் வெளுக்கும்.

இரும்புக் குறைக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தை முதலில் கரைத்து, பிறகு 5 கிராம் அன்னபேதியைக் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலைமேல் தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. சுண்ணாம்பு மண்ணில் இதைக் கொட்டுவது காசுக்குக் கேடு. அங்கே அது சீக்கிரமே வேருக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடும். டைல்ஸில் தெறித்தால் உடனே கழுவுங்கள், துருக்கறை போகாது.

யூரியாவே தேவைப்பட்டாலும் 100 சதுர அடிக்கு 80 கிராம் போதும். ஈர இலையில் தூவினால் குருணை ஒட்டிய இடமெல்லாம் கருகும். காய்ந்த புல்லில் தூவி, கையோடு தண்ணீர் பாய்ச்சுங்கள்.

திட்டுத்திட்டாகக் காய்ந்தால் தண்ணீர் போதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். நாலு அங்குலம் சிரமமின்றி இறங்கினால் ஈரம் இருக்கிறது, கோளாறு வேறு. புல்லைப் பிடித்து இழுத்தால் பாய் மாதிரி உரிந்து வருகிறதா? அடியில் சுருண்டு கிடக்கும் வெள்ளை வேர்ப்புழுக்களைத் தேடுங்கள். நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம் இருந்தால் பெரும்பாலும் நாய் சிறுநீர்தான். அதற்குப் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். நாய் போன இடத்தில் அப்போதே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சிறுநீரிலுள்ள உப்பு கரைந்து கீழே இறங்கிவிடும்.

இரவில் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். விடியும்வரை இலை நனைந்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். அதிகாலையில் விடலாம்.

நுனி மட்டும் வெளிறி நார்நாராக இருந்தால், உரம் வேண்டாம். வெட்டும் இயந்திரத்தின் கத்தி மழுங்கிவிட்டது, சாணை பிடியுங்கள். வெட்டிய மறுநாள் தரை முழுக்கப் பழுப்பாகத் தெரிந்தால், ஒட்ட வெட்டியதில் அடித்தண்டு வெளியே வந்திருக்கிறது. ஒரு முறைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.