வியர்க்காத பிள்ளையைக் கத்திரி வெயிலில் காப்பது எப்படி

ஒரு வயது தாண்டியும் பல் முளைக்கவில்லை, முடி மெலிந்து அங்கங்கே மட்டும் இருக்கிறது, வெயிலில் உடம்பு நெருப்பாய்ச் சுட்டுப் பொழுது சாய்ந்ததும் தானே தணிகிறது. இவை சேர்ந்து வந்தால் பிள்ளைக்கு வியர்க்கிறதா என்று பாருங்கள். வியர்க்கவில்லை என்றால் எக்டோடெர்மல் டிஸ்பிளாசியா என்ற பிறவிக் குறைபாடாக இருக்கலாம். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் காட்டலாம்.

கருவின் மேல்தோலில் எங்கே முடி, எங்கே பல், எங்கே வியர்வைச் சுரப்பி என்று ஏவுபவை கட்டுப்பாட்டு மரபணுக்கள். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஈடிஏ மரபணு தரும் சமிக்ஞையை ஈடிஏஆர் என்ற ஏற்பி வாங்கிக்கொண்டால்தான் சுரப்பி அரும்பும். உள்ளங்கை, பாதங்களில் சுமார் 4ஆம் மாதத்திலும் மற்ற இடங்களில் 5ஆம் மாதத்திலும் இது தொடங்குகிறது. பிறந்த பிறகு புதுச் சுரப்பி உருவாவதில்லை. ஆகவே வியர்க்க வைக்கும் மருந்து, லேகியம் எதுவும் பலிக்காது. ‘ஓடி ஆடினால் வியர்க்கும்’ என்று வெயிலில் விடுவது உயிருக்கே ஆபத்து.

இந்த வரிசையில் இன்னும் மேலே இருப்பது டிபி63 என்ற மரபணு. அது பழுதானால் உதட்டுப் பிளவு, விரல் பிளவு, உரிந்த புண்கள் வரலாம். அப்போது புண் பராமரிப்பே முதல் வேலை.

வியர்வை செய்யும் வேலையை வெளியிலிருந்து தண்ணீர் செய்ய வேண்டும். மெல்லிய பருத்திச் சட்டையை நனைத்துப் பிழிந்து போட்டுவிட்டு, மின்விசிறிக் காற்றில் உட்காரவையுங்கள். காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். கடலூர், புதுச்சேரிக் கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். காற்றோட்டம் இல்லாவிட்டால் நனைந்த துணி ஆவியாகாமல் புழுங்கும். விருத்தாசலம் பக்கத்து உலர்ந்த சூட்டில் துணி சீக்கிரம் காயும், அடிக்கடி நனைக்க வேண்டும். வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாளில் உலர்ந்த உடம்பின் மேல் விசிறி மட்டும் போட்டால் சூடான காற்றுதான் அடிக்கும்.

மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும். விடியற்காலையிலேயே இரண்டு வாளி பிடித்து நிழலில் மூடி வையுங்கள். ஐஸ் தண்ணீரை மேலே ஊற்றாதீர்கள். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், நடுக்கம் வரும். மின்தடைக்குச் சார்ஜ் விசிறி ஒன்று வீட்டில் இருக்கட்டும். பள்ளியில் வெயிலில் நிற்கும் பிரார்த்தனைக் கூட்டத்துக்கும் பி.டி. வகுப்புக்கும் மருத்துவர் கடிதத்தோடு விலக்குக் கேளுங்கள். தண்ணீர்த் தெளிப்பான் பையிலேயே இருக்கட்டும்.

உடம்பு சுட்டால் முதலில் டிஜிட்டல் தெர்மாமீட்டர். 100.4 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியும் விசிறியுமாக அரைமணி நேரம் குளிர்வியுங்கள். இறங்கினால் பெரும்பாலும் வெயில் சூடு. அதற்குப் பாராசிட்டமால் வேலை செய்யாது. இறங்கவில்லை என்றால் தொற்று இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள். 104ஐத் தொட்டாலோ, துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ ஈரத்துணி சுற்றிய நிலையிலேயே உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். இந்தச் சூட்டில் மூளை பாதிக்கப்பட்ட கைக்குழந்தைகள் உண்டு.

பற்களுக்குக் காத்திருக்க வேண்டாம். 3, 4 வயதிலேயே கழற்றி மாட்டும் பல்செட் போடலாம்; தாடை வளர வளர மாற்ற வேண்டும். சோறு மென்று தின்பதும் பேச்சுத் தெளிவதும் அதனால்தான்.

உறவில் கட்டியதால் வந்தது என்று ஊர் பேசும். ஈடிஏ பழுதால் வரும் எக்ஸ் வழி வகைக்கும் சொந்தத் திருமணத்துக்கும் தொடர்பில்லை. தாய் அந்த மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் அதைச் சுமக்கப் பாதிக்குப் பாதி. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் தோன்றும் வகைகளில் சொந்தம் கணக்கில் வரும்; ஈடிஏஆர் பழுதின் ஒரு வகை அப்படிப்பட்டது. எது என்று மரபணுச் சோதனைதான் சொல்லும். அதை அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். ஈடிஏ மரபணு தர வேண்டிய, விடுபட்ட புரதத்தைக் கருப்பையிலேயே செலுத்திய பிள்ளைகளுக்கு வியர்த்ததாக ஜெர்மன் மருத்துவர்கள் 2018இல் அறிவித்தார்கள். அது இன்னும் சோதனைச் சிகிச்சைதான்.