ஒரு நாளை அரசு விடுமுறை ஆக்குவது எப்படி? காசோலைச் சட்டத்தில் இருந்து ஆரம்பியுங்கள்

எங்க ஊர் விழாவுக்கு லீவு விடணும் என்று மனு எழுதப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தியாவில் பொது விடுமுறையை அறிவிக்கும் அதிகாரம் பண்டிகை பற்றிய சட்டம் எதிலும் இல்லை, 1881-ல் வெள்ளைக்காரன் காலத்தில் உண்டியல் (கோயில் உண்டியல் இல்லை, இன்னாருக்குப் பணம் கொடு என்று எழுதித் தரும் சீட்டு), பிராமிசரி நோட்டு (பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும் பத்திரம்), செக் விவகாரங்களுக்காகப் போட்ட செலாவணி முறிச் சட்டத்தில்தான் (Negotiable Instruments Act) இருக்கிறது. அதன் 25-வது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: பிராமிசரி நோட்டுக்குப் பணம் கட்ட வேண்டிய கெடு பொது விடுமுறையில் விழுந்தால், அதற்கு முந்தைய வேலை நாளே கெடு. சரி, எது பொது விடுமுறை? ஞாயிற்றுக்கிழமைகள், அப்புறம் மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் நாட்கள். தீபாவளி, பொங்கல் லீவெல்லாம் இந்த ஒற்றை விளக்கத்தில்தான் தொங்குகிறது.

அந்த அதிகாரம் 1957 ஜூனில் மாநில அரசுகளிடமும் ஒப்படைக்கப்பட்டது. அதனால் மனு போக வேண்டிய இடம் டெல்லி அல்ல, சென்னை. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடப் பட்டியலை அரசாணையாக வெளியிடுவார்கள். அதை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். 1881-ம் வருடச் சட்டத்தின் பெயர் அதில் இருக்கும், ஏப்ரல் 1 வங்கிக் கணக்கு முடிப்புக்காக வங்கிகளுக்கு மட்டும் என்பதும் இருக்கும்.

புதிதாக ஒரு நாள் அதில் ஏறுவதற்கு நல்ல உதாரணம் தைப்பூசம். மொரீஷியஸில் ஏற்கெனவே பொது விடுமுறையாக இருந்த நாள் அது. இங்கே பல வருடக் கோரிக்கைக்குப் பிறகு, 2021 ஜனவரி 5-ல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார், அதே மாதம் 28-ம் தேதியே முதல் லீவு. கோரிக்கை, முதல்வர் அறிவிப்பு, அரசாணை, இதுதான் வழி. கோர்ட்டுக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை: முன்பு போர்ச்சுகீசியர் வசம் இருந்த தாத்ரா நகர் ஹவேலியில் ஆகஸ்ட் 2 விடுதலை நாள் லீவை எடுத்துவிட்டார்கள் என்று போன வழக்கில், பொது விடுமுறை யாருக்கும் சட்ட உரிமை கிடையாது என்று 2022-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தனியார் கம்பெனிக்காரர்களுக்கு இந்தப் பட்டியல் தானாகப் பொருந்தாது. அவர்களுக்கு 1958-ம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட ஐந்து பண்டிகை நாட்கள். அந்த நாட்களில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு சம்பளத்துடன் கூடிய மாற்று விடுமுறை.

என்னைக் கேட்டால், ஊர்த் திருவிழாவுக்கு இவ்வளவு பாடு வேண்டாம், கலெக்டரிடம் உள்ளூர் விடுமுறை கேளுங்கள். தஞ்சாவூரில் ராஜராஜன் சதய விழாவுக்கு விடுவது அப்படித்தான். பள்ளிக்கூடமும் அரசு அலுவலகமும் மூடும், பதிலுக்கு ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். ஆனால் அந்தச் செய்திக்குறிப்பின் கடைசிப் பத்தியைப் பாருங்கள்: "செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது" என்று எழுதி, கருவூலங்கள் குறைந்த ஆட்களோடு இயங்கும் என்று போட்டிருப்பார்கள். வங்கியும் திறந்திருக்கும். நோட்டுக் கெடு அன்றைக்கு விழுந்தால் அன்றைக்கே கட்டணும், தேர் இழுக்கப் போயிருந்தேன் என்று சொன்னால் எடுபடாது.